கல்லில் நீ இல்லை, அம்மை

என் பாட்டுக்கார அம்மைக்கு,

நாலு நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழித்துறையில் கல் வெட்டுகிறவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நம் சபை மண்டபச் சுவரில் பதிக்கப் போகிற கல். 'விடுதலைப் பாடல்கள் எழுதிச் சிறை சென்ற கவிஞர்' என்று அப்பாவின் பெயர். நீ அதில் எங்கேயும் இல்லை.

அப்பா கவிஞராம்! சபைக் கோயிலில் அவர் பாட ஆரம்பித்தால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நீ முறைப்பாய். உபதேசியார் என்ற முறையில் நன்றாக ஜெபம் பண்ணுவார், அவ்வளவுதான்.

பாட்டெல்லாம் உன்னுடையது. கிறிஸ்துமஸ் மாதத்தில் விடியற்காலையில் வீடு வீடாகப் போகும் பஜனையின் கீர்த்தனை ராகங்களிலேயே, வெள்ளைக்காரனையும் மகாராஜாவின் திவானையும் எதிர்த்து வார்த்தை போட்டாய். பெண்கள் தாளம் தட்டிப் பாடிக்கொண்டு போனபோது, தூரத்தில் நின்ற போலீஸ்காரன் ராகத்தை மட்டும் கேட்டுத் தொப்பியைக் கழற்றி நின்றானாம். இதைச் சொல்லும்போது மட்டும் நீ வாய்விட்டுச் சிரிப்பாய்.

பிறகு யாரோ போட்டுக் கொடுத்தார்கள். "எழுதினது யாரு?" என்று போலீஸ் வீட்டுக்குள் வந்தபோது அண்ணன் உன் வயிற்றில் ஏழு மாதம். அப்பா முன்னால் வந்து "நான்தான்" என்றார். திரும்பி வந்தபோது அவருக்கு முன்பல் இரண்டும் இல்லை.

பாட்டெல்லாம் அப்பா எழுதியது என்றே நானும் நம்பியிருந்தேன். அப்பாவை அடக்கம் செய்தபிறகுதான், நீ கோயிலுக்குக் கொண்டுபோகும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். வெற்றுப் பக்கங்களில் பென்சிலால் நீ எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தாய். கேட்டதற்கு, "அவரு எனக்காவப் போனாரு மக்கா. பாட்டையும் அவருக்கே குடுத்துட்டேன். குடுத்ததை ஆராவது திருப்பிக் கேப்பாவளா?" என்றாய். நீ போன பிறகும் நான் வாய் திறக்கக் கூடாது என்றா அதற்கு அர்த்தம்? அன்றைக்கே கேட்காமல் விட்டேனே.

போன மாதம் பள்ளிக்கூட மலருக்காக ஒரு டீச்சர் வந்தாள். "நம்ம ஊர்ல போராட்டத்துல பொம்பளையள் ஆரும் இல்லியா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் உன் புத்தகம் இருந்தது. "ஆருமில்ல மக்கா" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? அவள் காபியைக் குடித்துவிட்டு அதையே எழுதிக்கொண்டு போனாள்.

என்மேலேயே எனக்கு ஆத்திரம். உன்மேலும்தான், மறைக்க மாட்டேன். பாட்டை மட்டுமா கொடுத்தாய்? எங்களுக்கு வரவேண்டிய உன்னையும் சேர்த்தல்லவா கொடுத்துவிட்டாய்?

இன்று காலையில் புத்தகத்தோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கல்லுக்கு ஏற்பாடு செய்தது அவர்தான். முழுவதையும் கேட்டுவிட்டுச் சீறினார்.

"ஏட்டி, நீ என்ன பேசுக? அப்பாக்க பேரைக் கெடுக்கப் பாக்கியா? பொய்யருன்னு கல்லுல வெட்டணுமா?"

"அப்பா அடி வாங்கினது பொய்யா அண்ணே? அதை ஆரு அழிக்கச் சொன்னா? எழுதினவ பேரும் இருக்கட்டும்னுதான் சொல்லுகேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது, அம்மை. ஒரு பாட்டு பாதியில் நிற்கிறது. அதற்குக் கீழே நீ எழுதியிருக்கிறாய்: 'பிள்ளை உதைக்கிறது. இன்றைக்கு இவ்வளவுதான்.'

அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது நானாட்டி?"

"பின்ன ஆரு?"

அழுதார். பிறகு அவரே போனை எடுத்து, அந்தக் கல் வேண்டாம், வேறு வெட்ட வேண்டும் என்று சொன்னார். புதுக் கல்லில், பாட்டு எழுதியவர் என்று உன் பெயர். கீழே, அவருக்காகச் சிறை சென்றவர் என்று அப்பாவின் பெயர். இரண்டும் உண்மைதானே?

ஆனாலும் எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை. கல் மாறிவிடும்; நான் சொன்ன பொய் அந்த டீச்சரின் நோட்டில் அப்படியே இருக்கிறது. நாளைக்கு அவளைக் கூப்பிட்டு, புத்தகத்தை அவள் மடியில் வைத்து, "இருந்தா மக்கா. எனக்க அம்மை இருந்தா" என்று சொல்வேன். கொடுத்ததை நீ திருப்பிக் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், அம்மை.

ஒரு தடவை உன்னை மறுதலித்து, இனி மறுதலிக்காத,
உன் மகள்