தொட்டில்களிடம் பேசிப் பழகிய வருடம்

இன்று காலை பால்மா அடிப்பிடித்துவிட்டது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே மழையைப் பார்த்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. தீய்ந்த வாசனை பிள்ளைக் காம்பரா முழுவதும் பரவியது. "என்ன புள்ள, பகல்லயே கனவா?" என்று நீ அதட்டுவாய் என ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். வெறும் தொட்டில்கள்தான் தொங்கின. நீ போய்ச் சேர்ந்து, வருகிற தையோடு ஒரு வருடம் ஆகிறது.

நாம் இருவரும் இங்கே ஆயாக்களாக ஒன்றாகத்தான் வந்தோம். தாய்மார் கொழுந்தெடுக்கத் தேயிலை மலைக்குப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகள் அந்திவரை நம் பொறுப்பு. எனக்குச் சிறு வயதிலிருந்தே வாய் திக்கும். பால் கொடுக்க வரும் தாய், "எம் புள்ள தூங்குச்சா?" என்று கேட்பாள். நான் முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும்போதே நீ பதில் சொல்லி முடித்திருப்பாய். எதையும் "அவ சொல்றா" என்றுதான் தொடங்குவாய். நான் சொல்லாததையும்தான். ஒருமுறை தோட்டத்து டாக்டர் ஐயாவிடம், "பாலு தண்ணியா இருக்குதாம், அவ சொல்றா ஐயா" என்று போட்டுவிட்டாய். நான் பின்னாலிருந்து உன் சேலையை இழுத்தேன். அடுத்த மாதம் பால்மா கூடுதலாக வந்தது. வாயே திறக்காத எனக்கு லயத்து வீடுகளில் கறாரான பொம்பளை என்று பெயர்.

மஞ்சள் காமாலை என்று உன்னை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். "நா வர்ற வரைக்கும் சமாளி புள்ள" என்றாய். நீ வரவில்லை.

அதன் பிறகு நான் கையாலும் தலையாலும்தான் பேசினேன். தாய்மார் பொறுத்துக்கொண்டார்கள். டாக்டர் ஐயா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"புள்ளைக்கு ஒண்ணுன்னா நீ எப்படிம்மா ஆளக் கூப்பிடுவ? கொஞ்ச நாள் பாக்குறேன். முடியலன்னா மலைக்குப் போயிரு."

புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இந்தக் காம்பராவும் போனால் எனக்கு மிச்சம் லயத்து அறையின் சுவர்கள்தான். அதனால் தாய்மார் வருவதற்கு முன்பே வந்து, வெறும் தொட்டில்களின் முன்னால் நின்று, அதில் படுக்கும் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கமலாவின் பெயரில் 'க'வைத் தாண்டவே பல நாள் பிடித்தது. பிறகு பிள்ளைகளிடமே சொன்னேன், அவை சிரித்தன. பிறகு தாய்மாரிடம் ஒற்றைச் சொல்: "குடிச்சிருச்சு." சித்திரையில் தோட்டத்துத் துரை பார்வையிட வந்தபோது நாக்கு மறுபடியும் ஒட்டிக்கொண்டது. பழையபடி தொட்டில்களிலிருந்து தொடங்கினேன்.

ஆடியில் ஒருநாள், கமலாவின் தாய் செல்லம்மாவிடம், "வயித்தால போச்சு, கஞ்சித்தண்ணி குடுத்தேன்" என்று முழுதாகச் சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்கக்கூடியவள் நீ ஒருத்திதான். அன்று மாலை அடுப்பு மூட்டவே மனம் வரவில்லை.

ஐப்பசி அடைமழையில் கமலாவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. டாக்டர் ஐயா தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்குப் போயிருந்தார். பால் கொடுக்க வந்திருந்த ஒருத்தியிடம் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு, கமலாவைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். கொழுந்து லொறி வந்தது. சிங்களச் சாரதி பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் றக்வானை ஆஸ்பத்திரிக்கு விட்டான்.

அங்கே தாதி என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டாள். என் வாய் பூட்டிக்கொண்டது. அவள் பொறுமையிழந்து சாரதியின் பக்கம் திரும்பினாள். அவன், தனக்குத் தெரியாது, இந்த அக்காவுக்குத்தான் தெரியும் என்று கையைக் காட்டினான். பிறகு என்னைப் பார்த்து, "ஹெமின் கியன்ன அக்கே" என்றான். மெதுவாகச் சொல்லுங்கள் என்று.

அவன் காத்திருந்தான். அதனால் தாதியும் காத்திருந்தாள். காலையிலிருந்து பால் குடிக்காதது, இரண்டு தரம் வலிப்பு வந்தது, கண் மேலே செருகியது எல்லாவற்றையும் பாதிச் சிங்களம் பாதித் தமிழில், உடைந்து உடைந்து, சொல்லி முடித்தேன். பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கமலா பிழைத்துக்கொண்டாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அத்தனை வருடத்தில் நீ ஒருநாளும் எனக்காகக் காத்திருந்ததில்லை. அன்பினால்தான் என்று தெரியும். நான் திக்கி நிற்பதைப் பார்க்க உன்னால் முடியாது. ஆனால் அன்று ஆஸ்பத்திரி வாசலில், உன்னோடு சண்டை போட வேண்டும் போலவும் உன் மடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நீ இல்லை.

டாக்டர் ஐயா என்னை மலைக்கு அனுப்பவில்லை. ஒத்தாசைக்கு ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார். புளத்கொகுபிட்டியவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். நேற்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்:

"இதுக்கு முன்ன இருந்த அக்கா பேரு என்னங்க?"

உன்னை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருந்தாய். சேலையை இழுத்தால் போதும். உன் பெயரோ 'ப'வில் தொடங்குவது. அந்த எழுத்தில்தான் என் உதடு அதிகமாக ஒட்டும். எனக்காகப் பேச ஒருத்தி இருந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அதனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஒட்டிய உதடு மெல்லப் பிரிந்தது. உன் பெயர் முழுதாக வந்தது.

"நல்ல பேருங்க" என்றாள்.

இப்போதெல்லாம் மாலையில் லயத்து அறையைத் திறக்கும்போது உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். சில நாள் திக்குகிறது. சில நாள் நேராகவே வந்துவிடுகிறது.