மார்ஜரியின் பதின்மூன்று மாதம்

ஹெம்ப்ளோ, சஃபோக்
ஏப்ரல் 14

என் அன்பு மகளுக்கு,

என் முழங்கால் வலியையும் உன் அப்பாவின் காது மந்தத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் இங்கே நாங்கள் சௌக்கியம்தான். உலகத்தின் தென்கோடி டனீடினில் நீயும் மாப்பிள்ளை கேலமும் குளிருக்கு முன்னால் விறகெல்லாம் அடுக்கி முடித்து நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே உன் பெயரை எழுதவில்லையே என்று நினைக்காதே, மறதியில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. ஊர் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் நம் பழைய மாளிகையில் என் வழிகாட்டி பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இருபத்தேழு வருஷம்! சம்பளமில்லாத வேலைதான், ஆனால் அந்தச் செங்கல் புகைபோக்கிகளை என் பிள்ளைகளைப் போல எண்ணி வைத்திருந்தவள் நான். இப்போது வாசல் வழியாகப் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன்.

மார்ஜரி கதை உனக்கு மனப்பாடம், இருந்தாலும் ஒருமுறை சொன்னால்தான் நான் செய்த பாவத்தின் அளவு தெரியும். மேரி ராணி ஆண்ட காலத்தில் நம் மாளிகையின் பால் அறையில் வெண்ணெய் கடைந்தவள் மார்ஜரி தெர்க்கெட்டில். மாதா கோயில் பதிவேட்டில் அவள் புருஷன் தாமஸை அடக்கம் பண்ணிய தேதி 1557 மார்ச் 12, பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேதி 1558 ஏப்ரல் 3. நடுவில் கிட்டத்தட்ட பதின்மூன்று மாதம். பத்து மாதம் சுமப்பவள் உண்டு, பதின்மூன்று மாதம் சுமப்பவள் உண்டா என்று நான் கேட்டதும் பஸ்ஸில் வந்த கூட்டம் கொல்லென்று சிரிக்கும். செத்தவன் பெயரையே பிள்ளைக்குத் தாமஸின் என்று வைத்து ஊர் வாயை அடைத்தாள் பாருங்கள், கெட்டிக்காரி, என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோகும்.

பிப்ரவரியில் மாளிகை மூடியிருந்தது, எலுமிச்சம் பச்சையாய்த் துளிர்க்கும் நம் லிண்டன் மரங்களுக்கு அடியில் வெள்ளை மணிப் பூக்கள் மட்டும் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. வசந்தத்துக்குப் புதுப் பலகை எழுதப் போகிறோம், மார்ஜரிக்கு ஆதாரம் வேண்டும் என்று கேட்டார்கள். என் அட்டையைத் தேடி எடுத்தேன். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால், நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது, ஆவணக் காப்பகத்தில் வாந்திக்கும் வாந்திக்கும் நடுவே ஓடி ஓடி எழுதிய அட்டை. இரண்டே வரி. எதற்கும் மூலத்தை இன்னொரு தடவை பார்ப்போம் என்று போய் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தேன். 1557 நவம்பர், 1557 டிசம்பர், அதற்குக் கீழே ஜனவரி, அதுவும் 1557, பிப்ரவரி 1557, மார்ச் 1557. அப்புறம்தான் 1558 வருகிறது. அந்தக் காலத்தில் இங்கே வருஷம் பிறந்தது ஜனவரியில் இல்லை, மார்ச் 25, மாதா திருநாளில். இது எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் அந்த நாளில் கேக் செய்துகொண்டு போய், ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் பழைய தேதியைக் கண்டால் ஒரு வருஷம் கூட்டிக்கொள்ளுங்கள் என்று புது வழிகாட்டிகளின் காதைத் தின்பவளே நான்தானே! ஊருக்கு உபதேசம், என் அட்டைக்கு இல்லை. ஆக தாமஸ் செத்தது நம் கணக்கில் 1558 மார்ச். குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆனது இருபத்திரண்டு நாள் கழித்து. பதின்மூன்று மாதமாவது மண்ணாவது. அந்தக் குளிர்காலம் ஒரு காய்ச்சல் வந்து ஊரை வாரிக்கொண்டு போயிருக்கிறது, பக்கம் முழுக்க அடக்கம்தான். நிறைமாத வயிற்றோடு புருஷனைக் குழியில் இறக்கிவிட்டு வந்து பிள்ளை பெற்றவளை, இருபத்தேழு வருஷமாக நான் கண்ணடிக்க வைத்திருக்கிறேன்.

புதுப் பலகையில் நிஜமாகவே கண்ணடிக்கிறாள். போன இலையுதிர்காலத்தில் வந்த புது மேலாளர் ஃபெனெல்லா க்ராக்ஸ்டன், என் ஆதாரம் வரும்முன்பே பலகையை அச்சடித்துவிட்டாள். 'ஊரை ஏமாற்றிய விதவை' என்று தலைப்பு, ஆளுயரப் படம், இடுப்பில் குழந்தை, ஒரு கண் மூடி ஒரு கண் திறந்து. தேநீர்க் கடையில் 'குறும்பு விதவை' என்று திராட்சை போட்ட ஒரு பன் வேறு. தப்பு நடந்துபோச்சு, மாற்று என்று போய் நின்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? 'ஹெஸ்டர், செத்து நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, யாரு வந்து கேஸ் போடப் போறா? ஜனங்களுக்குக் கதை வேணும், காலண்டர் வேணாம்' என்றாள். நான் விடவில்லை. 'சரி சரி, தீயணைப்பு உருளைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அட்டை வைக்கலாம், அடுத்த வருஷம் பார்ப்போம்' என்றாள். அதற்கும் நான் குதித்தபோது நிதானமாகச் சொன்னாள், 'நீங்க சொன்னதைத்தானே நாங்க எழுதினோம்? எங்க மேல பாயறீங்களே' என்று. அவள் சொன்னது நியாயம் என்பதால்தான் பேட்ஜைக் கழற்றினேன் என்று இப்போது தோன்றுகிறது.

உன் அப்பா இருக்கிறாரே, அவருக்கு தோட்டத்தில் லீக் வெங்காய நாற்று நட்டால் போதும், உலகம் முங்கினாலும் கவலையில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் விடு என்றார், அத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'இத்தனை நூறு வருஷம் பொறுத்தவ, இன்னும் ஒரு சீசன் பொறுக்க மாட்டாளா?' என்று கேட்டுவைத்தார். பொறுத்தவள் அவள், அவமானப்படுத்தியவள் நான், இதில் உங்களுக்கு என்ன பஞ்சாயத்து என்று கத்திவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே பரணிலிருந்து மடக்கு நாற்காலியை இறக்கித் துடைத்து வைத்தார். வாயால் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது, உனக்குத் தெரியும்.

நாற்காலி எதற்கு என்றால், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மாளிகைக்குப் போகிற பாதை கல்லறைத் தோட்டம் வழியாகத்தானே போகிறது, அது கோயில் நிலம், ஃபெனெல்லாவின் அதிகாரம் செல்லாது. போதகர் எனிட் அம்மாவிடம் கேட்டேன், 'தாராளமா உக்காருங்க, யார் தலைமேலயும் நாற்காலியைப் போட்டுடாதீங்க' என்றார். ஈஸ்டர் சனிக்கிழமையிலிருந்து யூ மரத்தடியில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்து மார்ஜரியின் உண்மைக் கணக்கைச் சொல்கிறேன். வேலியில் முள்மரம் வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது, அது பூத்தால் குளிர் திரும்பும் என்பது பொய்க்கவில்லை, மூக்கு ஒழுகுகிறது. முதல் நாள் இருநூறு பேராவது போயிருப்பார்கள், நின்றது ஆறு பேர். வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும், 'அட, நம்ம வரி வருஷம் ஏப்ரல் ஆறுல தொடங்குறது, காலண்டர் மாத்தினதுல நாள் தள்ளிப்போன இந்தப் பழைய வருஷப் பிறப்போட மிச்சம்தானா? முப்பது வருஷம் வேலை பார்த்தேன், ஒருத்தன் சொல்லலையே!' என்று துள்ளினார். இன்னொரு அம்மாள் நெஞ்சில் கை வைத்து 'அய்யோ பாவம், அந்தப் பொண்ணு' என்று உருகினாள். நல்லது, ஒருத்திக்காவது உறைத்தது என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறாள், கையில் பாதி குறும்பு விதவை பன்! இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சொல்.

ஆனால் என் ஆற்றாமை ஃபெனெல்லாமேல் இல்லையடி. அந்த மார்ச் 25 கணக்கு பிடிபட்ட பிறகு எனக்கு நினைவெல்லாம் உன் பள்ளிக்கூடச் சுற்றுலாதான். உனக்குப் பத்து வயசு. உன் வகுப்பு முழுவதையும் பால் அறையில் நிறுத்திவைத்து, அப்பன் பேர் தெரியாத அந்தத் தாமஸினைச் சுருக்கித்தான் என் மகளுக்கு டாம்சின் என்று பெயர் வைத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். மறுநாளிலிருந்து 'யாரு பிள்ளை, யாரு பிள்ளை' என்று உன்னைத் துரத்தினார்கள். நீ அழுதுகொண்டு வந்து சொன்னாய். நான் என்ன சொன்னேன், சரித்திரத்துக்கு யாரும் வெட்கப்படக் கூடாது என்றேன். சரித்திரமாம்! பாதி படித்து எழுதிய ஒரு அட்டை. இருபத்துமூன்று வயசில் நீ அங்கே போய் ரூத் என்று பெயரை மாற்றிக்கொண்டபோது, பெற்றவள் வைத்த பெயர் கசக்கிறதா என்று நான்தான் ஒரு வருஷம் முகம் தூக்கிக்கொண்டிருந்தேன். மார்ஜரியிடம் மன்னிப்புக் கேட்க ஒரு நாற்காலி போதும், உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் இத்தனை பக்கம் திட்டித் தீர்த்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு. அது அப்பன் இல்லாத பெயர் இல்லை. இருபத்திரண்டு நாளுக்கு முன் போனவனின் பெயரிலிருந்து, அவன் பார்க்காத பிள்ளைக்கு ஒருத்தி ஆசையாக எடுத்து வைத்த பெயர்.

அடுப்புக் குழாயைக் குளிருக்கு முன் துடைக்கச் சொன்னேனே, செய்தாயா? மாப்பிள்ளை செய்வார் என்று விட்டுவிடாதே. உன் பழைய அறை ஜன்னலுக்குக் கீழே மஞ்சள் பிரிம்ரோஸ் வந்திருக்கிறது, ஒன்றைப் பறித்து உள்ளே வைத்திருக்கிறேன், வந்து சேரும்போது சருகாகத்தான் இருக்கும். இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழவேண்டும் என்று கடவுளை வேண்டுகிறேன், அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், சத்தமாகவே சொன்னார். உறை மேல் ரூத் என்றுதான் எழுதியிருக்கிறேன், இனியும் அப்படியே எழுதுவேன். உள்ளே ஒரே ஒரு தடவை மட்டும் உன் அனுமதி கேட்காமல் கூப்பிட்டுக்கொள்கிறேன். நன்றாக இரு, டாம்சின்.

உன் அம்மா,
ஹெஸ்டர்