அக்காவுக்கு நான் கொடுத்த மாத்திரைகள்

ஐப்பசி 12, செவ்வாய்க்கிழமை

இன்று அக்காவைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இரண்டு வருடமாக அவளுக்குக் காலில் மதமதப்பு. போன மாதத்திலிருந்து சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "கறி, மீன், முட்டை சாப்புடுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"அவுரு போனதுலேருந்து எதையும் தொடறதில்லீங்க. பாலும் புடிக்காது."

கறி, முட்டை, பாலில் கிடைக்கிற பி12 வைட்டமின் உடம்பில் அறவே இல்லையாம். ஊசி போடலாம், ஆனால் நரம்பு கெட்டு ரொம்ப நாளாகிவிட்டதால் பழைய நடை திரும்புவது சந்தேகம் என்றார். "ஆரம்பத்துலயே வந்திருக்கணும்."

ஆரம்பத்தில் அவள் என்னிடம்தான் வந்தாள். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மெடிக்கல் ஷாப்பில் பதினெட்டு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறவன் நான். மதமதப்பு என்றாள், கால்சியம் கொடுத்தேன். அசதி என்றாள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. டாக்டரைப் பார்க்கட்டுமா என்று அவளே கேட்டபோதுகூட, "ஒண்ணுமில்லக்கா, சத்துக் கொறச்சல்தான். மாத்திரைய விடாம போடு" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ குடுத்த மாத்திரையாலதான்டா இந்த அளவுக்காவது நிக்கிறேன். இல்லன்னா எப்பவோ படுத்திருப்பேன்."



கடலூரில் இறங்க எழுந்தபோது அவளுடைய ஒரு காலில் செருப்பு இல்லை. அது கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து சீட்டுக்கு அடியில் தேடி எடுத்தேன். மாட்டிவிட்ட பிறகும், "போட்டுட்டியாடா?" என்று கேட்டாள்.