ஒரே சிறுத்தையின் இரண்டு பக்கம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் அத்தையும் நலம். அந்தக் காட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் ஒன்றும் விளங்கவில்லை. காட்டில் இரண்டு சிறுத்தைகள், ஜோடிதான் என்று போன கடிதத்தில் குதித்தீர்கள். அது உறுதியானால் கணக்கெடுப்பு முடிந்தது, பிரசவத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவேன் என்றீர்கள். நானும் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது ஒன்றுதான் என்கிறீர்கள்!

வலது பக்கப் புள்ளிகள் வேறு, இடது பக்கப் புள்ளிகள் வேறாம். போகும்போது ஒரு பக்கத்தையும் வரும்போது மறுபக்கத்தையும் மரத்தில் கட்டிய கேமரா படம் எடுத்ததாம். அதை இரண்டாக எண்ணிவிட்டீர்களாம். அது பாதை நடுவில் புரண்டு படுத்தபோதுதான் இரண்டு பக்கமும் ஒரே படத்தில் தெரிந்து குட்டு உடைந்ததாம். நல்ல கூத்து போங்கள்!

காட்டைச் சுற்றி வயலும் ரோடும் என்றால் இன்னொன்று எப்படி வரும் என்று அத்தை கேட்கிறார். எனக்கென்ன தெரியும்? இருவாச்சிப் பறவை, பறக்கும் அணில், எறும்புத்தின்னி, பெயரே வைக்காத தவளைகள் என்று அத்தனை இருந்தும் அது மட்டும் ஒற்றையாம். பாவமாக இருக்கிறது. எரிச்சலாகவும் இருக்கிறது. சிறுத்தையோடு போய்ச் சக்களத்திச் சண்டையா போட முடியும்?

இன்னொன்றைத் தேடி மலை உச்சிக்குப் போகிறேன், திரும்பும் நாள் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வருவீர்களா, மாட்டீர்களா?

நேற்று ஸ்கேனுக்குப் போனேன். டாக்டரம்மா திரையைக் காட்டி, இரட்டைக் குழந்தைகள் என்றார். போன முறை ஒன்று மற்றதன் பின்னால் ஒளிந்திருந்ததாம். நன்றாகப் பாருங்கள் டாக்டர், ஒன்றையே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இரண்டு என்கிறீர்களோ என்று கேட்டே விட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சத்தத்தைக் கூட்டி வைத்தார். இரண்டு நெஞ்சும் தனித்தனியாகத் துடித்தன. ஒன்று கொஞ்சம் வேகம். அத்தை அழுதுவிட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. பயமாகவும் இருக்கிறது.

அந்தச் சிறுத்தைக்கு ஒரு துணை கிடைக்கட்டும். சத்தியமாகத்தான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒருமுறை இங்கே வந்து, எண்ணிக்கை சரிதானா என்று நீங்களே காதை வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

இப்படிக்கு,
நாங்கள் மூவரும்