மூன்றாம் ஓலை

பாகூர்,
13.1.1975

அன்புள்ள அக்கா ஞானசுந்தரிக்கு, தங்கை கிரேஸ் மேரியின் தோத்திரம்.

நேற்றுப் பூசையில் சாமியார் எனக்கும் திருபுவனை மாப்பிள்ளைக்கும் இரண்டாம் கல்யாண ஓலை வாசித்துவிட்டார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொண்டேன். இன்னும் ஒரே ஞாயிறு, மூன்றாம் ஓலையும் தடையில்லாமல் வாசித்துவிட்டால் தாலிதான்.

தனிஸ்லாஸ் அண்ணன் பம்புசெட்டில் வழுக்கித் தலையில் அடிபட்டதாக எழுதியிருந்தாய். டாக்டரிடம் காட்டு. ஆனால் அண்ணனுக்கு இருக்கிற ரத்தம் உறையாத வியாதியைப் பற்றி மூச்சு விடாதே. மாப்பிள்ளையின் அத்தை மகள் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். பெண் வழியாக வருகிற வியாதி என்று தெரிந்தால் என்னை யார் கட்டுவார்? மூன்றாம் ஓலை முடியட்டும், பிறகு ஊருக்கே சொல். வெறும் தலைவலிதானே அக்கா. அண்ணனைக் கேட்டாலும் எனக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்லும்.

உன் கிரேஸ்


வில்லியனூர்,
22.1.1975

கிரேஸுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். "வேற இன்னா வியாதி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். நர்ஸ் பக்கத்தில் நின்றாள். "ஒண்ணுமில்ல சார்" என்றேன். தம்பி தனிஸ்லாசும் தலையாட்டியது. ஆஸ்பிரின் கொடுத்தார். அது ரத்தக்கசிவை இன்னும் கூட்டும் என்று நான் கண்டேனா?

வெள்ளிக்கிழமை வாந்தி. சனிக்கிழமை வலது கை தூக்க வரவில்லை. ஞாயிறு காலை வலிப்பு. உனக்கு மூன்றாம் ஓலை வாசித்த நேரத்தில், டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் நான் ஹீமோபீலியா, ஹீமோபீலியா என்று கத்திக்கொண்டிருந்தேன். "மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. அடிபட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா பிளாஸ்மா ஏத்தியிருப்பாங்களே" என்றார் அங்கிருந்த டாக்டர். இப்போது ஏற்றினார்கள். உயிர் தங்கியது, பேச்சு வரவில்லை. அச்சாபீசில் எழுத்துக் கோத்த கை சோறு பிசையவும் ஆகாமல் கிடக்கிறது.

உன்னைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம். கல்யாணத்துக்கு வர மாட்டோம்.

ஞானசுந்தரி


திருபுவனை,
9.7.1975

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கடிதம் போட்டும் பதிலில்லை. எனக்கு ஐந்து மாதம். ஆண் பிள்ளைதான் என்று மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ அந்த வியாதி நினைப்புதான். பிள்ளைக்கும் வருமா அக்கா?

அண்ணன் தேறி பிரான்சுக்குப் போய்விட்டதாக இங்கே சொல்லிவைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு மாமியார் உன் வீட்டுக்கு வருகிறார். அன்றைக்கு மட்டும் அண்ணனைப் பக்கத்து வீட்டில் வைத்துவிடேன்.

கிரேஸ்


வில்லியனூர்,
12.7.1975

கிரேஸுக்கு,

தம்பியை எங்கேயும் ஒளிக்க மாட்டேன். உன் மாமியார் வந்து பார்க்கட்டும்.

டாக்டரைக் கேட்டேன். அம்மா வழியில் உனக்கும் வந்திருந்தால், ஆண் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி. பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால் வலிக்கட்டும் என்று காத்திருக்காதே. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி, முதலில் வியாதியைச் சொல். ஆஸ்பிரின் ஆகவே ஆகாது.

உன்னால் வாயைத் திறக்க முடியாது. நானும் ஒருநாள் திறக்காமல் நின்றவள்தான். அதனால் கவர் மேல் உன் பேரை எழுதவில்லை, உன் வீட்டுக்காரர் பேரை எழுதியிருக்கிறேன். வியாதியை மறைக்கச் சொல்லி அன்றைக்கு நீ எழுதிய கடிதத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். அவர் படித்து முடித்துத்தான் உன்னிடம் கொடுத்திருப்பார்.

ஞானசுந்தரி