விடுபட்ட நான்கு பத்திகள்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், தூங்குகிறேன் என்று எழுதுகிறேன். அங்கே உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று நீ மறைக்காமல் எழுது. குளிருக்கு நல்ல ஷூ வாங்கிவிட்டாயா. உன் அத்தை போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்தாள். ஃப்ரிட்ஜைத் துடைத்தாள், அம்மாவின் துணிகளை மடித்து வைத்தாள், போய்ச் சேர நாற்பத்து மூணெல்லாம் ஒரு வயசாடா என்று அம்மாவைப் பற்றி ஆரம்பித்தாள். நான் வாஷிங் மெஷினின் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய உட்கார்ந்துவிட்டேன். நான் அதைத் திரும்ப மாட்டி முடிக்கும்வரை பேசிவிட்டுப் பிறகு அவளே அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அம்மா போன இந்த எட்டு மாசமாக எதுவுமே வரவில்லை. வேலையிலும் ஒரு தப்பு செய்தேன். பிரஷர் கேஜைச் சோதிக்கும்போது ரீடிங்கைத் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, கீழே இருக்கும் எண் தெரிகிற மாதிரி ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். போன மாசம் நானே ஒயிட்னர் தடவி மேலே எழுதியிருக்கிறேன், எழுதிய ஞாபகம்கூட இல்லை. மேலாளர், என்னைவிட வயதில் சின்னவள், தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "நீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மாவின் புத்தகம் என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைக்கிறேன். முதல் நினைவு நாளுக்குள் கொண்டுவந்துவிடலாம், ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று பதிப்பகத்தில் அச்சுப்படி அனுப்பினார்கள். அம்மா தமிழில் மொழிபெயர்த்த அந்தத் தத்துவ ஞானிக்கு நம் வீட்டில் பெரியவர் என்றுதானே பேர். பதினோரு வருஷம் அவரோடு அம்மா மல்லுக்கட்டினாள், நான் ஓரமாக இருந்தேன். அவள் டீ கேட்டால் பெரியவரையே போடச் சொல்லு என்பேன், அவர் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீயே போட்டுடலாம் என்பாள். அவர் சொல்வது எனக்குப் புரியாது, எண்ணத் தெரியும், அதனால் எண்ணினேன். பெரியவர் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருக்கிறார். மூலத்தில் 340 பத்தி, அம்மாவிடம் 336. நான்தான் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அவள் திருத்திய தாள்களை மருந்துப் பையில் போட்டுக் கொண்டுவந்தது நான்தானே. நான்கு நாள் தேடினேன், ஸ்கேன் உறைக்குள், காரின் சீட்டுக்கு அடியில்கூட. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிசையாகப் பத்தி நீளத்தை ஒப்பிட்டேன். 211 முதல் 214 வரை அம்மாவிடம் இல்லை. 215க்கு 211 என்று போட்டு, கடைசிவரை எண்களை மாற்றியிருக்கிறாள். தொலையவில்லை, விட்டிருக்கிறாள்.

அந்த நான்கையும் போனில் படமெடுத்து மொழிபெயர்க்க விட்டேன். கோணல்மாணலாகத்தான் வந்தது, ஆனாலும் புரிந்தது. யூதர்கள் எங்கேயும் வேர் விடாதவர்கள், இருக்கிற மண்ணைக் கெடுப்பவர்கள், அவர்கள் உள்ளே இருக்கும்வரை வீடு வீடாக இருக்காது என்று நிதானமாக, கோபமே இல்லாமல் எழுதியிருக்கிறார். வீடு என்றால் என்ன என்று இதே பெரியவர் சொன்னதை அம்மா நமக்குச் சாப்பாட்டு மேஜையில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். அடுத்த பத்தி, 215, 'ஆகவே' என்று தொடங்குகிறது. அம்மா அந்த 'ஆகவே'யையும் எடுத்துவிட்டாள். ஓரத்தில் ஒட்டிய அழுக்கு என்றால் துடைத்துவிட்டுப் போகலாம், இதன்மேல் அல்லவா அவர் அடுத்ததைக் கட்டியிருக்கிறார். அம்மாவோடு உட்கார்ந்து மொழிபெயர்ப்பைச் சரிபார்த்த டீச்சரிடம் கேட்டேன். அவருக்கு முன்பே தெரியும். "இதைப் போட்டா எல்லாரும் இதை மட்டும்தான் பேசுவாங்க, மிச்சம் அத்தனையும் வீணாப் போயிடும்னு பயந்தா. நானும் சரின்னுட்டேன்" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவின் நாற்காலியைப் பார்த்து, என்னடி பண்ணி வச்சிருக்க என்று சத்தமாகத் திட்டினேன். எட்டு மாசத்தில் எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதுவும் அவள்மேல். உன்னைத் தவிர யாரிடம் சொல்வது.

விட்டது விட்டதாகவே இருக்கட்டும், அம்மா பேர் கெட்டுவிடும் சார் என்கிறார் பதிப்பாளர். எனக்கும் அவள் பேர்தான் பெரிது. ஆனால் உன் அறைத்தோழியை நினைத்தேன். அம்மா போன சேதி வந்ததும் பத்து நாள் உனக்குச் சமைத்துப் போட்டுத் தலை வாரிவிட்டவள், அவளும் யூதப் பெண்தானே. புத்தகம் வந்தால் உன் மேஜையில் கிடக்கும், உங்க அம்மா எழுதினதா என்று கையில் எடுப்பாள். அப்போது நீ என்ன சொல்வாய் என்று யோசித்ததும் எனக்கு உடம்பு கூசிவிட்டது. அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நான்கும் சேர்ந்தால்தான் புத்தகம் வரும். முன்னால் போட இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த நான்கு பத்திகளை மொழிபெயர்ப்பாளர் விட்டிருந்தார், அது தவறு என்று அவருடைய கணவனும் மகளும் நினைக்கிறோம், அவ்வளவுதான். உன்னைக் கேட்காமல் மகளும் என்று போட்டுவிட்டேன், வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

ஆனால் அவற்றைத் தமிழில் எழுத இங்கே ஆளில்லை. டீச்சர் இதை எழுதத் தனக்குக் கை வரவில்லை என்கிறார். அங்கே இருப்பதால் பெரியவரின் மொழி உனக்கு இப்போது நன்றாக வருகிறது, அம்மாவின் தமிழும் உன்னிடம்தான் இருக்கிறது. அழகாக்க வேண்டாம், மென்மையாக்கவும் வேண்டாம், உள்ளது உள்ளபடி எழுது. தொடங்கும் முன் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு, அவள் இல்லாத நேரம் பார்த்து எழுதாதே. உன்னால் முடியாது என்றால் ஒரு வரி எழுதினால் போதும், அம்மா பேர் போட்ட புத்தகம் இல்லாமலே நாம் இருந்துகொள்வோம்.

இருபதாம் தேதி பல் டாக்டரிடம் போக வேண்டும், மறந்துவிடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லா இருக்கணும் கண்ணு, எனக்கு வேறொன்றும் வேண்டாம். அந்த நான்கு பத்தியின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் படி. தனியாக இருக்கும்போது படிக்காதே.

உன்
அப்பா