வெயில் விழுகிற பக்கம்

கிழக்குத் தாம்பரம்,
20.6.1992

பிரியமுள்ள என் கணவர் ஏசுபாதம் அவர்களுக்குச் செல்வமேரி எழுதுவது. கர்த்தர் கிருபையால் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். அந்தக் குளிரில் நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

மலை இறங்கி முடிகிறவரை வயிறு என் வசத்தில் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ஸ்ரீரங்கன் சார் வீட்டம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தார்கள். உங்களோடு வேலை செய்கிறவர் என்றாலும் சார் இவ்வளவு செய்திருக்க வேண்டாம். சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் என்னை மின்சார ரயில் ஏற்றிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனார். அவருக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. லாரித் தண்ணீர் வருகிற அன்று தெருவே குடத்தோடு நிற்கிறது. பக்கத்து வீட்டுக் கங்கம்மாவிடம் சாவி கொடுத்துவிட்டு வந்தேன் அல்லவா, செடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியதாகச் சொல்கிறாள். செடிகள் அப்படிச் சொல்லவில்லை. முருங்கைக்காயை மட்டும் ஒன்று விடாமல் பறித்திருக்கிறாள். நான் பெட்டியை இறக்குவதற்குள் வாசலில் நின்று, "இன்னா சிஸ்டர், பனியெல்லாம் கையால தொட்டுப் பாத்துகினு வந்தியா?" என்று கேட்டாள். ஜூன் மாதத்தில் ஏது பனி, வெறும் மேகம்தான் பார்த்தேன் என்றேன். "இதுக்காம்மா அம்மாந்தூரம் போன?" என்று ஒரே சிரிப்பு.

ரூபவதி கோவிலம்பாக்கத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனாள். அப்பா என்ன முடிவு பண்ணினார் என்று கேட்டாள். அப்பாவைத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன்.

டிசம்பரில் ரிட்டயர் ஆனதும் அந்த மலையிலேயே நிலம் வாங்கி, வீடு கட்டிக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஆசைப்பட்டு என்னை வரவழைத்தீர்கள். இரண்டு நிலம் காட்டினீர்கள். பார்த்தேன். இதற்கு மேல் என்னிடம் கேட்க வேண்டாம். உங்கள் இஷ்டம் எதுவோ அப்படியே செய்யுங்கள். ஒருவேளை தாம்பரத்துக்கு வருவதாக இருந்தால் முன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லி வைக்கிறேன்.

குக்கர் வாங்கச் சொன்னேனே, வாங்கினீர்களா? நான் கொண்டுவந்த பொன்னி அரிசியை அந்தக் குண்டானில் அரைவேக்காடாக வடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வயிறு கல்லாகிவிடும்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
செல்வமேரி


கிழக்குத் தாம்பரம்,
9.7.1992

என்னங்க,

மரியாதையாக ஆரம்பிக்க இன்று எனக்குப் பொறுமை இல்லை. உங்கள் கடிதம் நேற்று வந்தது. "உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். ரயிலேற்றிவிட ஜீப்பில் கூட வந்தேனே, ஏறினதிலிருந்து நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மாதக் கடைசியில் நிலத்துக்காரர் பகதூர்சிங்கிடம் நிலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டிசம்பரில் தாம்பரத்துக்கே வந்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கேட்டது உங்களை? சொல்லாதீர்கள். சொல்லித் தொலைத்திருந்தால், அந்த மனுஷன் காலில் விழுந்தாவது வார்த்தையைத் திரும்ப வாங்குங்கள்.

காலையில் தந்தி ஆபீஸுக்குப் போய், மேல் நிலம் வேண்டும், விட்டுவிடாதீர்கள் என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். கவுண்டரில் இருந்தவர் படித்துப் பார்த்து, "இன்னா சிஸ்டர், அவனவன் தாம்பரத்துல அரை கிரவுண்டு கெடைக்காதான்னு அலைஞ்சிகினு கீறான், நீங்க இன்னாடான்னா மலை மேல நிலம் கேக்குறீங்க?" என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கே மழை பிடித்திருக்கும், ரோடு சரிந்து கிடக்கும். தந்தி முந்துமோ கடிதம் முந்துமோ, மாதம் முடிவதற்குள் ஏதாவது ஒன்று உங்கள் கைக்கு வந்தால் போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் எழுந்து டீ போடப் போகாதீர்கள்.

இரண்டு நிலத்தில் நான் கீழ் நிலத்தைத்தானே பிடித்துக்கொண்டேன்? நல்ல மரநிழல், பக்கத்திலேயே ஓடை, நாலு எட்டு வைத்தால் பஸ் ரோடு. தாம்பரத்தில் ஆயுசு முழுக்கத் தண்ணீருக்கும் நிழலுக்கும் அலைந்தவள் வேறு எதைப் பார்ப்பேன்? இதையே முடியுங்கள் என்றேன். நீங்களும், "உனக்குப் பிடிச்சா சரி மேரி" என்று தலையாட்டினீர்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு வசதியான இடத்தில் ஏன் ஒரு வீடுகூட இல்லை? ஊர் ஜனம் அத்தனையும் ஏன் எதிர்ச்சரிவில் மொட்டை வெயிலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது?

பகதூர்சிங் மனைவியிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். அந்த அம்மாள் சூரியனைக் காட்டினாள், கீழ் நிலத்துக்குப் பின்னால் இருக்கிற முகட்டைக் காட்டினாள், கையை அதற்கு அந்தப் பக்கம் இறக்கினாள். அப்புறம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பல்லைக் கிட்டிக்கொண்டு, வெடவெடவென்று நடுங்கிக் காட்டினாள். குளிர்காலம் முழுக்க அங்கே வெயிலே விழாதாம். மழை பிடித்தால் அந்த ஓடை பாறைகளை உருட்டிக்கொண்டு வருமாம். நிழலைத் தேடிப் போய் ஐஸ் பெட்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்போடுதான் உங்களிடம் ஓடி வந்து சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "தெரியும். நீ ஆசைப்பட்டே, அதான் சொல்லலை." எனக்கு ரத்தம் கொதித்தது. வாழ்க்கை பூராவும் அந்த மலையைக் குடைந்து ரோடு போட்ட மனுஷன், தெரிந்தே பெண்டாட்டியைப் பனியில் குடிவைக்கத் தயாராக இருக்கிறார், ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன் என்கிறார். நான் என்ன உங்கள் வீட்டு விருந்தாளியா?

ஆத்திரம் அடங்கி யோசித்துப் பார்த்தால், இரண்டு பேருமே அப்படித்தான் இருந்திருக்கிறோம். லீவில் வருவீர்கள். கோழி அடித்துக் குழம்பு வைப்பேன். உப்பே போடாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்பீர்கள். ரூபவதி டைபாய்டில் கிடந்ததையும் ஓடு ஒழுகினதையும் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன், வந்த மனுஷன் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று. நீங்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பீர்கள். துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று உங்கள் வீட்டிலேயே கேட்டு வாங்குவீர்கள். லீவு முடிந்து உங்களை ரயிலேற்றிவிட்டு வந்தால் எனக்கு அழுகை வரும், கூடவே ஒரு பெருமூச்சும் வரும். அந்தப் பெருமூச்சுதான் என்னை இப்போது அறுக்கிறது.

நான் கிளம்பின அன்று விடியற்காலையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதுவரை இருந்த நாளெல்லாம் ஒரே மேகம். அதோ சிகரம், இதோ சிகரம் என்று வெறும் வெள்ளையை நீங்கள் காட்டுவீர்கள், நானும் ஊம் கொட்டுவேன். அன்று பிரஷ்ஷோடு வெளியே வந்தேன். எதிரே கருப்பாக மலை தெரிந்தது. பரவாயில்லை, மேகம் விலகியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பல் விளக்கினேன். கொப்பளிக்கத் தலையை நிமிர்த்தினேன்.

அம்மாடி! நான் மலை என்று பார்த்துக்கொண்டிருந்தது அதன் பாதம்கூட இல்லை. மலை மேலே இருந்தது. மேகம் இருக்கிற இடத்துக்கும் மேலே, வானம் என்று நாம் விட்டுவிடுகிற இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெள்ளையாக நின்றது. ஒரு நுனியில் மட்டும் தணல் மாதிரி வெளிச்சம் விழுந்து, மெதுவாகக் கீழே இறங்கியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. அவ்வளவு பெரிய காரியம் நடக்கிறது, ஒரு சத்தம் இல்லை. ஸ்தோத்திரம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் பேஸ்ட் நுரை வழிகிறது. சானடோரியம் வார்டில் நர்ஸாக எத்தனையோ பேர் கடைசி மூச்சு விடும்போது கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அது உடம்பில் தெரிந்தது அன்றைக்குத்தான். நம் தாம்பரத்துப் பச்சைமலையைப் போய் இத்தனை வருஷம் மலை என்று சொல்லிக்கொண்டிருந்தேனே! நேற்று அந்தப் பக்கம் போனபோது அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். மேல் நிலத்தில், அந்த வீடுகளுக்கெல்லாம் மேலே மேட்டின் உச்சியில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். பகதூர்சிங் வேலிக்கல்லைக் காட்டி ஏதோ சொன்னார். நீங்கள் அதைக் காலால் எத்திக் கையை ஆட்டிச் சண்டை போட்டீர்கள். அவரும் கத்தினார். பிறகு இரண்டு பேரும் தலையைப் பின்னால் போட்டுக்கொண்டு சிரித்தீர்கள், எனக்குக் கேட்கிற மாதிரி. யார் இந்த மனுஷன் என்று இருந்தது எனக்கு. தாலி கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, பேரனையும் எடுத்த பிறகு என் புருஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். மலையைப் பார்த்து வாயடைத்துப் போனேனா, உங்களைப் பார்த்தா என்று இன்னும் தெரியவில்லை. ஜீப்பில் பேசாமல் வந்தது அதனால்தான். நீங்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்கள். கோபமும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. போன கடிதத்திலேயே எழுதியிருக்கலாம், வெட்கமாக இருந்தது. கங்கம்மாவிடம்கூட வெறும் மேகம்தான் பார்த்தேன் என்று மறைத்துவிட்டேன். இந்த வயதில் யாராவது இதையெல்லாம் எழுதுவார்களா?

நேற்றே கோவிலம்பாக்கம் போய் ரூபவதியிடம் சொன்னேன். "உனக்கென்னம்மா பைத்தியமா? அங்க நெஞ்சு வலிச்சா எந்த டாக்டர்கிட்ட போவீங்க? இவனைப் பாக்காம உன்னால இருக்க முடியுமா?" என்று பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு அழுதாள். நெஞ்சு வலித்தால் மலை இறங்கித்தான் ஆக வேண்டும் என்றேன். பேரன் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீயும் மாப்பிள்ளையும் தினம் காலையில் காபிக்குச் சண்டை போடுகிறீர்களே, அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லையடி என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஊருக்குப் போக எந்த ரயிலில் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே, மேல் நிலம்தான். தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கும் என்று தெரியும், குடம் தூக்கிப் பழகின இடுப்புதான். சமையல்கட்டு ஜன்னலைச் சிகரங்களைப் பார்த்து வைக்கலாமா? குளிர்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்றால் அது தப்பு என்று எழுதுங்கள். பளிச்சென்று எழுதுங்கள், என் மனசு நோகுமே என்று பார்க்காதீர்கள்.

நான் கர்த்தரிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும், என் முகத்தைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கும் சலித்துப்போகிற அளவுக்கு நாள் கொடுக்கட்டும்.

உங்கள்
மேரி